வாரத்துக்கு இருபது சொல்லா, நான்கு சொல்லா?

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: 'இந்தியாவின் காலநிலையைப் பாதிக்கும் காரணிகளை விளக்குக.' ஒரு பையன் கேள்வி எண்ணை மட்டும் எழுதிவிட்டு அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். திருத்திய ஆசிரியை அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காரணின்னா கணக்குல வர்றதுதானம்மா? பன்னெண்டுக்கு ரெண்டு, மூணு, நாலு, ஆறு. காலநிலைக்கு எப்படிம்மா காரணி எடுக்கிறது?"

"சரி, அதை விடு. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல மட்டும் ஏன்டா இவ்வளவு மழை?"

"வாடைக் காத்து கடல்லேர்ந்து ஈரத்தை அள்ளிட்டு வருதும்மா. முதல்ல நாகப்பட்டினம் பக்கம் கொட்டும், அப்புறம்தான் நமக்கு."

காற்று வீசும் திசை, கடலிலிருந்து உள்ள தூரம். ஒரே மூச்சில் இரண்டு காரணிகளைச் சொல்லிவிட்டான். விஷயம் அவனிடம் இருக்கிறது, அதைக் கேட்கிற சொல்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. 12 என்ற எண் அமையக் காரணமான எண்களைப்போல, காலநிலை இப்படி அமையக் காரணமாக இருப்பவையும் காரணிகள்தான் என்று சொன்னேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டான். அவன் முகத்தில் இருந்தது கோபம். அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

காரணி, கூறு, கூற்று, சான்று, விளைவு, முரண், கருதுகோள், வரையறு, ஒப்பிடு, வேறுபடுத்து, மதிப்பிடு. இவற்றை நான் பாடச்சொற்கள் என்பேன். வீட்டில் யாரும் இவற்றைப் பேசுவதில்லை. எந்த ஒரு பாடத்துக்கும் இவை தனிச் சொந்தமில்லை, ஆனால் எல்லாப் பாடத்தின் வினாத்தாளிலும் வருகின்றன. கணக்கு ஆசிரியர், தமிழ் வகுப்பில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறார். தமிழாசிரியர்கள் நாங்கள் செய்யுளையும் இலக்கணத்தையும் முடிக்க ஓடிக்கொண்டிருக்கிறோம். நடுவில் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

வருகிற ஜூனில் பள்ளி திறந்ததும் 9, 10 வகுப்புகளுக்குத் தமிழ்ப் பாடவேளையில் தினமும் பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குவதாக முடிவு செய்திருக்கிறோம். வாரத்துக்கு ஐம்பது நிமிடம், வகுப்புக்கு நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. சொற்பட்டியல், வாசிப்பு, நான்கு கட்டத் தாள், சொற்குடும்பம் என்று நான்கு யோசனைகள் வந்தன. நான்கையும் நான் வெவ்வேறு ஆண்டுகளில் செய்து பார்த்திருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொற்குடும்பம், அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. ஆனால் அது கைகொடுக்காத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

எந்தச் சொல்லை எடுப்பது?

வழியைத் தேர்வதற்கு முன் சொல்லைத் தேர்ந்தாக வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த இசபெல் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். சோறு, மழை, ஓடு போலப் பேச்சிலேயே வந்துவிடுபவை முதல் அடுக்கு. ஒளிச்சேர்க்கை, அட்சக்கோடு, ஆகுபெயர் போல ஒரு துறைக்கே உரியவை மூன்றாம் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில், எல்லாத் துறையிலும் புழங்கும் எழுத்துமொழிச் சொற்கள் இரண்டாம் அடுக்கு. ஆசிரியரின் உழைப்பு அதிகமாகப் போக வேண்டியது இந்த இரண்டாம் அடுக்குக்கு என்பது அவர்கள் கருத்து. நமக்கு இது புதிய யோசனை இல்லை. தொல்காப்பியர் உரியியலில், வெளிப்படையாகப் பொருள் தெரிகிற சொல்லை விளக்க வேண்டாம், தெரியாததை விளக்கினால் போதும் என்று வரம்பு கட்டிக்கொண்டுதான் உரிச்சொற்களுக்குப் பொருள் சொல்ல ஆரம்பிக்கிறார்.

நம் பாடநூலில் செய்யுளுக்கு அடியில் 'சொல்லும் பொருளும்' இருக்கிறது. அது பழஞ்சொற்களுக்கு. இயல் முடிவில் 'கலைச்சொல் அறிவோம்' இருக்கிறது. அதில் பெரும்பாலும் மூன்றாம் அடுக்குச் சொற்கள். இரண்டுமே வேண்டியவைதான், ஆனால் 'கூற்று' என்றால் என்ன என்று சொல்ல இரண்டிலும் இடமில்லை.

இன்னொன்று, எந்தச் சொல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆறாம் வகுப்பு அறிவியலில் கலவைகளைப் பிரிக்கும் முறைகள் வருகின்றன: கதிரடித்தல், தூற்றுதல், சலித்தல், வண்டல் படிதல். பெருநகரத்துப் பிள்ளைக்கு இவை கலைச்சொற்கள். எங்கள் பிள்ளைகள் களத்தில் முறத்தைத் தூக்கிப் பிடித்துப் பதர் பறப்பதைப் பார்த்தவர்கள். தலைமடை, கடைமடை, மதகு, நாற்றங்கால், பரம்படிப்பது என்று அவர்கள் கையில் ஒரு பெரிய சொற்களஞ்சியமே இருக்கிறது. வேறெங்கோ தயாரித்த பட்டியலை எடுத்துவந்து காவிரிக்கரையில் நடத்தினால் தெரிந்ததை விளக்கிக்கொண்டும், தெரியாததை விட்டுக்கொண்டும் இருப்போம்.

பட்டியல்

திங்கட்கிழமை கரும்பலகையில் இருபது சொல்லும் பொருளும், வெள்ளிக்கிழமை சொல்வதெழுதல். இதை நான் பல ஆண்டுகள் செய்தேன். தயாரிப்பு அதிகம் வேண்டாம். லீவு போட்டால் வேறு யார் வந்தும் நடத்தலாம். நோட்டில் எழுதியிருப்பது பெற்றோருக்கும் தெரியும். மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டு மனப்பாடம் செய்துதான் தமிழுக்குள் நுழைந்தார்கள். சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதியும் விருத்தப்பாவில் இருப்பது அதற்குத்தான், ஓசை பிடித்தால் சொல் தானே வரும். ஆனால் அந்தப் பிள்ளைகள் அதைத் தினமும் சொன்னார்கள், ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள், அந்தச் சொற்கள் வருகிற செய்யுள்களைப் பக்கத்திலேயே பாடமும் கேட்டார்கள். நம் பட்டியலுக்கு ஓசையும் இல்லை, அடுத்த வாரம் என்று ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமையோடு அதன் ஆயுள் முடிகிறது. ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-ல் தன்னையே சோதித்துப் பார்த்து எழுதியது இதைத்தான்: பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தால் மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் ஓரிரு நாளிலுமே நடந்துவிடுகிறது. பொருள் புரியாமல் படித்த சொல்லும் பிள்ளைக்குப் பொருளற்ற அசைதான்.

என் கண்ணைத் திறந்தது ஒரு நோட்டு. 'மதிப்பீடு: எவ்வளவு என்று கணித்தல்' என்று மணிமணியான கையெழுத்தில் எழுதி, இருபதுக்கு இருபது வாங்கியிருந்தாள் அந்தப் பெண். கீழே வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருந்தேன். 'என் அம்மா கடைக்குப் போய் மதிப்பீடு வாங்கி வந்தார்' என்று எழுதியிருந்தாள். இருபது மதிப்பெண்ணும் என் பேனாவால் போட்டவை.

பட்டியலின் இன்னொரு குறை வகுப்பில் உட்காரும் வரிசையிலேயே தெரியும். முன்வரிசையில் பதினெட்டு, பத்தொன்பது. கடைசி வரிசையில் நாலு, ஐந்து. ஆடி வந்தாலும் தை வந்தாலும் இதே கதை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, தலைமடையில் நாற்று விட்டு முடித்த பிறகும் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டியல் முறையில் சொல்லும் அப்படித்தான் பாய்கிறது.

ஆனாலும் பட்டியலை முழுக்கத் தூக்கிப் போட மாட்டேன். அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, விகிதம், சராசரி போன்றவற்றை உடைத்துக் காட்டப் பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழ் வேர் எதுவும் இல்லை. அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் மனதில் நிறுத்த வேண்டும். அதற்கும் பட்டியலைவிட அட்டை மேல். மூன்று சாக்பீஸ் பெட்டி போதும். தெரியாத சொல்லட்டை முதல் பெட்டியில், தினமும் எடுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவதுக்குப் போகும், வாரம் ஒருமுறை எடுக்கலாம். பிறகு மூன்றாவது, மாதம் ஒருமுறை. தப்பினால் மறுபடி முதல் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய முறை இது. மதிய இடைவேளையில் பிள்ளைகளே நடத்திக்கொள்வார்கள்.

வாசிப்பு

படிக்கப் படிக்கச் சொல் தானே வரும் என்பார்கள். இதை மறுப்பது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, நானே அப்படிச் சொல் சேர்த்தவள். எங்கள் பள்ளிக்கு 'தேன்சிட்டு' வருகிறது. வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் வந்தபோது, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகூட ஒரு புத்தகத்தை முடித்த மகிழ்ச்சியை அனுபவித்தது. அதை யாரும் நிறுத்தக் கூடாது.

ஆனால் நம் கேள்வி, ஐம்பது நிமிடத்தில் பாடச்சொல்லுக்கு எது வழி என்பது. ஸ்வான்போர்ன், டி குளோப்பர் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-ல் இது பற்றிய பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் மாணவர் தானாகக் கற்பது சராசரியாக 100-க்கு 15. அந்தச் சோதனைகள் தமிழில் நடந்தவை அல்ல. ஆனாலும் நான் வகுப்பில் பார்ப்பதற்கு அது வெகு தூரத்தில் இல்லை. ஆண்டுக்கணக்கில் நிறையப் படிப்பவருக்கு இந்தப் பதினைந்தே பெரிய செல்வமாகச் சேரும். காலாண்டுத் தேர்வுக்குள் 'வேறுபடுத்துக' புரிய வேண்டிய பையனுக்கு அது போதாது. தவிர, கதைப் புத்தகத்தில் பாடச்சொல் அதிகம் வராது. கதையில் 'ஏன்' இருக்கும், 'காரணி' இருக்காது.

அதனால் வாசிப்பதைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். எனக்குக் கைகண்டது நாளிதழில் வரும் காவிரிச் செய்தி. மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம், உபரி, 93.47 டிஎம்சி கொள்ளளவு. உச்ச நீதிமன்றம் 2018-ல் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்ததைப் பற்றிய செய்தி என்றால் பங்கீடு, ஆணையம், இறுதித் தீர்ப்பு, பற்றாக்குறை எல்லாம் வரும். வகுப்பில் ஒரு பிள்ளைகூட அதை அக்கறையில்லாமல் படிக்காது. அப்பா டீக்கடையில் பேசி, வீட்டில் புலம்பிய விஷயம் அது. வாரம் ஒரு நாள், ஒரு செய்தி, பத்தே வரி. இதை வைத்துக்கொள்ளலாம்.

நான்கு கட்டத் தாள்

தாளை நான்காக மடித்து நடுவில் சொல்லை எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் பொருள், இன்னொன்றில் அதன் தன்மைகள், மூன்றாவதில் எடுத்துக்காட்டு, நான்காவதில் அது அல்லாததற்கு எடுத்துக்காட்டு. 1969-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டொரத்தி ஃப்ரேயரும் அவர் குழுவினரும் உருவாக்கியது. இதன் உயிர் அந்த நான்காவது கட்டத்தில்தான் இருக்கிறது.

'பங்கீடு' என்ற சொல்லுக்கு ஐந்தைந்து பேராக உட்காரவைத்தேன். எடுத்துக்காட்டு எல்லாக் குழுவுக்கும் உடனே வந்துவிட்டது: முறை வைத்துத் தண்ணீர் விடுவது. அல்லாததற்கு ஒரு குழு, 'ராத்திரியில் மடையை உடைத்துத் தண்ணீரை வைத்துக்கொள்வது' என்று எழுதியது. வகுப்பே ஆமாம் என்றது. அடுத்த குழு, 'அண்ணன் தம்பி வயலைப் பிரித்துக்கொள்வது' என்று அதே கட்டத்தில் எழுதியிருந்தது. அங்கே பிடித்தது விவாதம்.

"பாகப்பிரிவினையும் பங்குதானே?"

"பங்கு வேற, பங்கீடு வேறடி. வயலைப் பிரிச்சா பிரிச்சதுதான், முடிஞ்சு போச்சு. தண்ணி வருஷா வருஷம் இருக்கிறதைப் பொறுத்து யாருக்கு எவ்வளவுன்னு முறை போடணும்."

"அப்போ ரேஷன் அரிசி?"

"அது பங்கீடு. கடைல எழுதியே இருக்கே."

நான் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு பாடவேளையில் முக்கால்வாசி போய்விட்டது, சொல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று நின்றது. அரையாண்டில் 'அதிகாரப் பங்கீடு' என்று குடிமையியலில் வந்தபோது எங்களிடம் யாரும் பொருள் கேட்கவில்லை.

கணக்குப் போட்டால் இதன் கஷ்டம் தெரியும். ஐம்பது நிமிடத்தில் தாராளமாக ஒரு சொல். வேலை நடக்கிற வாரம் வருஷத்துக்கு முப்பது என்றால் முப்பது சொல். இதை மட்டுமே நம்ப முடியாது. ஆனால் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அகராதி அறிவு அதிகம் வேண்டாம், பிள்ளைகளின் அனுபவமே பாதி வேலையைச் செய்துவிடும், தப்பாகப் போக வாய்ப்பும் குறைவு.

சொற்குடும்பம்

கரும்பலகை நடுவில் 'பகு' என்று எழுதுகிறேன். தெரிந்த உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிடுங்கள் என்கிறேன். பகுதி என்கிறார்கள். பங்கு, பாதி என்கிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் பகுத்தறிவு வருகிறது. "கணக்கு நோட்டைப் புரட்டுங்க" என்கிறேன். பகு எண், பகா எண். பின்னத்தின் கீழே இருப்பதும் பகுதி. இலக்கண நோட்டில் பகுபதம், பகாப்பதம். ஒரு நிமிடம் வகுப்பு அமைதியாக இருக்கும். அப்புறம் யாராவது ஒருவர், "ஏழைப் பகுக்க முடியாது, அதனால பகா எண். நிலம்-ங்கிற சொல்லையும் பகுக்க முடியாது, அதனால பகாப்பதம். ரெண்டும் ஒண்ணுதானாம்மா?" என்று கேட்பார். கணக்குப் பாடவேளைக்கும் தமிழ்ப் பாடவேளைக்கும் நடுவில் இருக்கும் சுவர் அந்த இடத்தில் விழுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்படி எத்தனையோ. பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. சார்பு என்றால் என்னவென்று தெரியாமல் படம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதே பிள்ளைகள் இலக்கணத்தில் சார்பெழுத்து படித்தவர்கள்: முதலெழுத்தைச் சார்ந்து வருவது. கணக்கிலும் ஒன்றின் மதிப்பைச் சார்ந்து இன்னொன்றின் மதிப்பு வருகிறது. 'மாறு' என்று எழுதினால் மாறி, மாறிலி, மாற்றம், வளர்சிதை மாற்றம். 'வினை' என்றால் வினைச்சொல், வேதிவினை, வினையூக்கி. 'விளை' என்றால் எங்கள் ஊரில் முதலில் விளைச்சல், பிறகு விளைவு, வேதியியலில் வினைவிளை பொருள். இரண்டு பொருளைச் சேர்த்தால் என்ன விளைகிறது என்று கேட்டால் போதும், அந்த நீளமான சொல் பயமுறுத்தாது.

தமிழ்வழிப் பிள்ளைக்கு இது பெரிய சொத்து. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை, உள்ளே இருக்கும் கிரேக்க வேர் ஒளியைக் குறிக்கிறது என்று தனியாகக் கற்க வேண்டும். நம் பிள்ளைக்குச் சொல்லே திறந்து கிடக்கிறது. நாம்தான் உள்ளே கூட்டிப் போகாமல் வாசலோடு திருப்பி அனுப்புகிறோம்.

'வரையறு' நடத்திய நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. வரைபடம், வரம்பு, வரையறை என்று எழுதிக்கொண்டே போனேன். வரம்பு என்றதும் "வரப்பா?" என்று ஒரு குரல். ஆமாம், வரம்பு, வரப்பு இரண்டும் எல்லைதான் என்றேன். வயலில் வேலை செய்யும் அம்மாவின் பெண் ஒருத்தி எழுந்து, "அப்போ வரையறைங்கிறது வார்த்தைக்குப் போடுற வரப்பாம்மா?" என்று கேட்டாள். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. உடனே பாலைவனத்தை வரையறுக்கச் சொன்னேன். 'மணல் இருக்கும் இடம்' என்றார்கள். "வேதாரண்யம் கடற்கரையிலயும் மணல் இருக்கே, அது பாலைவனமா?" என்று இன்னொருவன் மடக்கினான். வரப்பைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. மழை மிகக் குறைவாகப் பெய்யும் நிலப்பரப்பு என்று வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வரையறைக்கு ஒரே சோதனைதான்: வரப்புக்கு உள்ளே எது, வெளியே எது. நான்கு கட்டத் தாளின் நான்காவது கட்டமும் இதையேதான் கேட்கிறது. இரண்டு முறையும் கைகோத்துக்கொள்கிற இடம் இது.

இனி இதன் குறைகள். முதலாவது, எல்லாச் சொல்லுக்கும் இப்படி வேர் காட்ட முடியாது, அதை மேலேயே சொன்னேன். இரண்டாவது, பிள்ளைகள் ஒலியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். 'விளை' குடும்பத்தில் விளையாட்டைச் சேர்ப்பார்கள். ஒலி ஒத்தாலும் பொருள் அங்கே உதவிக்கு வராது. அப்படிப்பட்டவற்றை எழுதப் பலகையின் ஓரத்தில் தனியாக இடம் விட்டிருக்கிறேன். மூன்றாவது, ஒரே சொல்லுக்கு இரண்டு ஆள். 'கூற்றும் காரணமும்' என்ற கேள்வியைப் பார்த்து, எமனைக் கூற்று என்று படித்த பிள்ளை தடுமாறும். கூறியது கூற்று என்பதைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்கான சரியான விளக்கம் அல்ல' என்ற விடையைத் தேர்ந்தெடுக்க முடியாமல் எத்தனை பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஆசிரியரிடம் இருக்கிறது. வேர் சொல்வதில் ஒரு போதை உண்டு. தோன்றியதை எல்லாம் வேர் என்று சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் அப்படியே நம்பி எழுதிவைத்துக்கொள்வார்கள். அதனால் வகுப்புக்குப் போகுமுன் அகராதி பார்ப்பது என்று கட்டாயம் வைத்துக்கொண்டிருக்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது. இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் பிள்ளைகள் கையிலும் கொடுக்கலாம். உறுதியாகத் தெரியாத இடத்தில் "எனக்குத் தெரியலப்பா, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு வேருக்குக் குறைந்தது அரைமணி நேரத் தயாரிப்பு ஆகும். பட்டியல் முறைக்கு இந்தச் சுமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, குடும்பத்தை அடையாளம் காண்பதால் மட்டும் சொல் கைக்கு வராது. வாயால் பேசி, கையால் எழுதியாக வேண்டும். அதனால் நான்காம் நாள் ஒவ்வொருவரும் அந்த வேரிலிருந்து மூன்று சொல் எடுத்து, மூன்று வெவ்வேறு பாடங்களுக்குரிய வாக்கியம் எழுதுவார்கள். 'அம்மா மதிப்பீடு வாங்கி வந்தார்' வகை வாக்கியங்கள் அங்கே பிடிபட்டுவிடும்.

எண்ணிக்கையில் பார்த்தால் பட்டியல்தான் ஜெயிக்கிறது. வாரம் இருபது, முப்பது வாரத்தில் அறுநூறு சொல். சொற்குடும்பத்தில் வாரம் நான்கு சொல்லை ஆழமாக எடுத்தால் நூற்றிருபது. பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டு எண்ணையும் சொன்னால் எதற்குக் கைதட்டுவார்கள் என்று தெரியும். நான் பார்ப்பது வேறு: இதுவரை நடத்தாத சொல் ஒன்று வந்தால் பிள்ளை என்ன செய்கிறது? பட்டியல் நடத்திய ஆண்டுகளில் கடைசி வரிசை பேசாமல் என் முகத்தைப் பார்க்கும், பொருள் சொல்வேன் என்று. சொற்குடும்பம் நடத்திய ஆண்டில், ஒன்பதாம் வகுப்புக் கணக்கின் கடைசிப் பாடத்துக்கு அவர்கள் போனபோது, அதே கடைசி வரிசைப் பையன் ஒருவன் மாலையில் என்னிடம் வந்தான்.

"நிகழ்தகவுன்னு ஒரு பாடம்மா. சார் இன்னும் ஆரம்பிக்கல. நானே உடைச்சுப் பார்த்தேன். நிகழ்னா நடக்கிறது. தகவுன்னா தகுதி. நடக்கத் தகுதி எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற கணக்காம்மா?"

ஐம்பது நிமிடத்தை நான் எதற்குக் கொடுக்க நினைக்கிறேன் என்பதற்கு இதைத்தான் எங்கள் கூட்டத்தில் சொன்னேன்.

எங்கள் ஏற்பாடு இப்படி முடிவாகியிருக்கிறது. திங்கள் முதல் புதன் வரை ஒரு வேர், வியாழன் எழுத்து, வெள்ளி காவிரிச் செய்தி அல்லது அறிவியல் செய்தி பத்து வரி. மாதம் ஒருமுறை முழுப் பாடவேளை எடுத்து நான்கு கட்டத் தாள். துறைச்சொற்களுக்கு அட்டைப் பெட்டி, அது அந்தந்தப் பாட ஆசிரியர் பொறுப்பு. பத்தாம் வகுப்புக்கு ஜனவரிக்குப் பிறகு புது வேர் எதுவும் கிடையாது, வினாத்தாளில் வருகிற ஏவல் சொற்களை மட்டும் திரும்பப் பார்ப்போம்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் முடிவும் மாறும். ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் சரளமாக வாசிக்கவில்லை என்றால் வேரைத் தொடாதீர்கள், அந்த ஐம்பது நிமிடமும் வாசிப்புக்கே போகட்டும். ஆங்கிலவழிப் பிரிவு என்றால் மற்றப் பாடங்களின் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழ் வேர் பாதிதான் உதவும். அங்கே நான்கு கட்டத் தாளை முன்னே வைப்பேன், அது எந்த மொழிச் சொல்லுக்கும் பொருந்தும். தமிழாசிரியர் இடம் காலியாக இருந்து, பாடவேளைக்கு யார் யாரோ வந்துபோகிற பள்ளி என்றால் அட்டைப் பெட்டியே போதும். பிள்ளைகளே நடத்திக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

கணக்கு ஆசிரியரிடம் ஒரே ஓர் உதவி கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில் பகா காரணிகள் வருகின்றன. அதை எந்த வாரம் எடுப்பார் என்று முன்கூட்டியே சொன்னால், அதே வாரம் நான் 'பகு'வையும் 'காரணி'யையும் வைத்துக்கொள்வேன். நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஜூலை இரண்டாம் வாரம் என்றார். அந்த வாரம் ஒருநாள் என் வகுப்பில் வந்து உட்காரட்டுமா என்றும் கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன்.